மாலை வெளிச்சத்தில் ஒரே ஆள் இரண்டு ஆளாகிறார், உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்து எழுதுகிறேன். நான்கு கேமராப் படங்களில் ஒரே ஆளை அடையாளம் காட்டும் நிரலில் மூன்று வாரமாக முட்டி நிற்கிறேன்.

போன மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் என் பாட்டி கூட்டத்தில் காணாமல் போய்விட்டார். மூன்று மணி நேரம் கழித்துத்தான் கிடைத்தார். இந்த வேலையை எடுத்ததே அதனால்தான்.

மாடல் ஓஎஸ்நெட் (படங்களில் ஆட்களை அடையாளம் காண்பதற்கான நரம்பியல் வலை), மார்க்கெட்-1501 என்ற, நடந்து போகிறவர்களின் படத்தொகுப்பில் பயிற்சி பெற்றது. சோதனைக்காக, சம்மதம் சொன்ன 30 பேர் எங்கள் தெருவில் நடந்தார்கள். ஒரே கேமராவுக்குள் தப்பே இல்லை. கேமரா மாறினால் போச்சு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டைக்காரர்கள் எல்லாரும் ஒருவராகிவிடுகிறார்கள். மாலை 6 மணிக்கு மேல் தெருவிளக்கின் மஞ்சளில் சித்தப்பாவின் வெள்ளைச் சட்டை சந்தன நிறமாகிறது. அவரே இரண்டு ஆளாகிறார். 2015இல் வெளியான அந்த மார்க்கெட்-1501 தொகுப்பு பெய்ஜிங்கில், சிங்குவா பல்கலைக்கழகத்தில் 6 கேமராக்களில் எடுத்தது. பெரும்பாலும் டீ-ஷர்ட், அரைக்கால் சட்டை, முதுகுப்பை. வேட்டி அதற்குப் பழக்கமே இல்லை.

நிறத்தைச் சமன் செய்தேன், கொஞ்சம் தேறியது. ரீ-ரேங்கிங் (கிடைத்த பொருத்தங்களை மறுபடி வரிசைப்படுத்துவது) பகலில் உதவியது, இரவில் இன்னும் குழப்பியது. அப்புறம் எங்கள் படங்களில் 600ஐ வைத்து டிரிப்ளெட் லாஸ் (ஒரே ஆளின் படங்களை நெருக்கி, வேறு ஆளின் படத்தைத் தள்ளி வைக்கும் பயிற்சி முறை) போட்டு மறுபயிற்சி கொடுத்தேன். அந்த 30 பேரையும் மனப்பாடம் செய்துகொண்டது. புது ஆள் வந்தால் பழைய கதைதான். படங்கள் எல்லாம் வழக்கமான 256×128 பிக்சல் அளவு.

ஒவ்வொரு கேமராவுக்கும் பேட்ச் நார்மலைசேஷனை (வலைக்குள் ஓடும் எண்களைச் சராசரி, பரவல் கொண்டு சமன் செய்வது) தனித்தனியாகக் கணக்கிட்டால் இந்த வெளிச்ச வித்தியாசம் தீருமா, செய்து பார்த்தவர்கள் சொல்வீர்களா?