புதுப்பிப்பு: தூண்டில் செலவு – பழைய ஸ்பார்க் பிளக் வழி சரிவந்தது

யாழ்ப்பாணம் பண்ணைப் பாலத்தடியில தூண்டில் போடப்போய் மாசாமாசம் காசு கரையுது, எதைக் குறைக்கலாம் எண்டு முதல் கேட்டிருந்தன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, தூண்டிலைத் தாழ்க்கக் கட்டுற ஈயத்துக்குப் பதிலா கராஜில கழிச்ச ஸ்பார்க் பிளக்கைக் கட்டச் சொன்ன அண்ணையின்ர யோசினைதான். மெயின் தங்கூசி (நைலோன் நூல்) 0.40 மி.மீ., பிளக்கை மட்டும் 0.20 மி.மீ. துண்டில தொங்கவிடுறன். கல்லுக்க மாட்டினா மெல்லிசு அறுந்து பிளக் மட்டும் போகும். தூண்டில் முள்ளும் மீனும் மிஞ்சும். முந்தி எல்லாமே சேர்ந்து போகும். கட்ட முதல் எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கோ, களப்புக்கும் நல்லம்.

ஒண்டு எதிர்பார்க்கேல்லை: நீரோட்டம் இழுக்கேக்க ஒரு பிளக் நிக்காது, உருண்டு கரைக்கே வந்திடும். ரெண்டைச் சேர்த்துக் கட்டினாத்தான் நிக்குது.

புது றீல் வாங்கச் சொன்ன தம்பிக்கு: தேவைப்படேல்லை. வீட்டை வந்த உடன பழைய றீலை நல்லதண்ணியை மெல்லமா ஊத்திக் கழுவி, அதின்ர பிறேக்கைத் தளர்த்தி நிழல்ல காயவிடுறன். பைப்பை வேகமாத் திறந்து அடிக்காதேங்கோ, உப்பு உள்ளுக்க போய் பெயறிங்கைத் திண்டிடும்.

கணக்கு எழுதிப் பார்த்தா, சாமான் செலவு இப்ப பெரிசில்லை. காசைத் தின்னுறது பெற்றோலும் இரை இறாலும்தான். பிடிக்கிற ஓரா மீனையும் மணலை மீனையும் குருநகர்ச் சந்தையில வாங்கினா மலிவு எண்டு அம்மா நெடுகச் சொல்லுவா. உண்மைதான், ஆனா விடுறதாயில்லை. இரைச் செலவைக் குறைக்க வழி தெரிஞ்சா எழுதுங்கோ.