9 வாரம் நின்ற குதிரை, காணும் பொங்கல் சவாரி: காலைக் கட்டலாமா, கூடாதா?

செங்கை_கார்த்தி:
வணக்கம். என்னிடம் 7 வயது மார்வாரிப் பெண் குதிரை இருக்கிறது. 2 வருடம் முன்பு அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் வாங்கியது. பெயர் வெள்ளச்சி. நிறம் வெள்ளை இல்லை, சிவலை. வாங்கும்போதே அந்தப் பெயர்தான், மாற்ற மனமில்லை.

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து லாயத்திலேயே நிற்கிறாள். கணக்குப் பார்த்தால் 9 வாரம். தோப்பு முழுக்கச் சேறு, வெளியே விட இடமில்லை. காணும் பொங்கலன்று எங்கள் வட்டாரத்துச் சவாரிக்காரர்கள் 8 பேர் சேர்ந்து கடற்கரைக்குப் போய் வருவோம், போக வர 20 கிலோமீட்டர். அதற்கு 26 நாள்தான் இருக்கிறது.

நேற்று சேணம் போட்டேன். வயிற்று வாரை இறுக்கும்போதே காதை மடக்கிக்கொண்டு கடிக்க வந்தாள். ஏறி நாலு அடி போனதும் முதுகை வில்லாக வளைத்து ஒரு துள்ளு. வைக்கோல் போர் மேல் விழுந்ததால் பிழைத்தேன். கடிவாளத்தைக் கையில் எடுத்தாலே தலையை வானத்துக்குத் தூக்குகிறாள். போன வருடம் இப்படி இல்லை.

பக்கத்து ஊரில் குதிரை பழக்குகிறவர் வந்து பார்த்துவிட்டு, "திமிர் ஏறிப்போச்சு. முன்னங்கால் ஒன்றை மடக்கிக் கட்டி, மணல் மூட்டையை ஏற்றி வெயிலில் நிறுத்து. மூணே நாளில் வழிக்கு வரும்" என்கிறார். செய்யலாமா? அனுபவசாலிகள் சொல்லுங்கள்.

ஜட்கா_பேரன்:
இதில் கேட்க என்ன இருக்கிறது தம்பி? கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று சும்மாவா சொல்லிவைத்தார்கள்? 9 வாரம் உட்கார வைத்துச் சோறு போட்டால் மனுஷனே எழுந்திருக்க மாட்டான். என் தாத்தா கும்பகோணம் ரயிலடியில் 30 வருடம் ஜட்கா ஓட்டியவர். அவர் கையில் முரண்டு பிடித்த குதிரை எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் முரண்டு பிடித்ததில்லை. உன்னைக் கீழே தள்ளிவிட்டது. இப்போது விட்டுக்கொடுத்தால் அடுத்தது குழியும் பறிக்கும்.

பரிமேலழகி:
கார்த்தி, தயவுசெய்து காலைக் கட்டாதீர்கள். கோவைப் பக்கம் 11 வருடமாகச் சவாரி சொல்லித் தருகிறேன், அந்தப் பழக்கத்தில் சில கேள்விகள்.

1) கடைசியாக எப்போது பல் பார்த்தீர்கள்? குதிரைக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். மேல் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரமும் கீழ்ப்பற்களின் உள் ஓரமும் தேயாமல் கத்தி மாதிரி கூராகிவிடும். கடிவாளத்தின் வார் கன்னத்தை அழுத்தும்போது உள்சதை அந்தக் கூரில் குத்துப்படும். தலையை வானத்துக்குத் தூக்குவது திமிரா வலியா என்று வாயைத் திறந்து பார்க்காமல் எப்படிச் சொல்ல முடியும்?

2) சேணம் போன வருடத்து முதுகுக்குப் பொருந்தியது. 9 வாரம் நின்றதில் முதுகுச் சதை வற்றியிருக்கும், வயிறு பெருத்திருக்கும். இப்போது அதே சேணம் தோள் எலும்பில் உட்காரலாம். 15 நிமிடம் கையில் பிடித்து நடக்கவிட்டுச் சேணத்தைக் கழற்றிப் பாருங்கள். சுற்றிலும் வியர்த்திருக்க, நடுவில் உள்ளங்கை அகலம் மட்டும் காய்ந்து கிடந்தால் அங்கே அழுத்துகிறது என்று அர்த்தம்.

3) சேற்றில் நின்ற குளம்பு. அடியில் முக்கோண மெத்தை இருக்கிறதே, அதன் பக்கப் பள்ளத்தைக் கொக்கியால் சுரண்டி மோந்து பாருங்கள். கறுப்பாக வந்து செத்த எலி நாற்றம் அடித்தால் அழுகல்.

வாரை ஒரே இழுப்பில் இறுக்குகிறீர்களா? ஒரு துளை, நாலு அடி நடை, அடுத்த துளை, மறுபடி நடை. அப்படிப் போடுங்கள்.

ஜட்கா_பேரன்:
வந்துவிட்டார்கள் டாக்டரம்மா. பல்லு, முதுகு, குளம்பு, ஜாதகம் எல்லாம் பார்த்து முடிப்பதற்குள் அடுத்த பொங்கல் வந்துவிடும். நம் முன்னோர்கள் பல் ராவியா குதிரைப்படை நடத்தினார்கள்?

மெட்ராஸ்_மாமா:
முன்னோர் பேச்சு எடுத்ததால் ஒரு சின்னத் தகவல். 13-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் மார்க்கோ போலோ பாண்டிய நாட்டைப் பற்றி எழுதியதில் குதிரைக் கதையும் உண்டு. ஏடன், ஹோர்முஸ் பக்கமிருந்து வருடாவருடம் ஆயிரக்கணக்கில் கப்பலில் குதிரை இறக்கினார்களாம். பராமரிக்கத் தெரியாமல் பெரும்பாலானவை செத்துப்போயினவாம், லாடம் அடிக்கக்கூட ஆள் இல்லையாம். அரபு வியாபாரிகளுக்குக் கொள்ளை லாபம், அடுத்த வருடமும் விற்கலாமே. நரியைப் பரியாக்கிய ஊர் என்று நாம் பெருமைப்படுகிறோம். பரியைப் பிணமாக்கியதும் அதே ஊர்தான் போலிருக்கிறது.

ஜட்கா_பேரன்:
இத்தாலிக்காரன் சொன்னால் வேதவாக்கு, கும்பகோணத்துக்காரன் சொன்னால் மூடநம்பிக்கை. நடக்கட்டும் மாமா.

அன்பின்_லகான்:
எல்லோருமே வன்முறையாளர்கள் போலிருக்கிறதே. கடிவாளமே எதற்கு? சேணமே எதற்கு? தினமும் கையில் வெல்லம் கொடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடுங்கள். குதிரை உங்களை நண்பனாக ஏற்கும்வரை எதுவும் கேட்காதீர்கள். நான் அப்படித்தான் வளர்க்கிறேன். என்ன, சட்டைப் பையை மட்டும் கொஞ்சம் கடிப்பான்.

ஜட்கா_பேரன்:
இன்றைக்குச் சட்டைப் பை, நாளைக்கு விரல். 350 கிலோ உடம்பு உங்களைத் தள்ளிக்கொண்டு வருவதற்குப் பெயர் அன்பா?

பரிமேலழகி:
இதில் ஜட்கா அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. கையில் தின்பண்டம் கொடுத்துக் கெட்டுப்போன குதிரைகளை நான்தான் வாரம் ஒன்று பார்க்கிறேனே. மென்மையாகப் பழக்குவது என்றால் எல்லை இல்லாமல் விடுவது இல்லை. குதிரை என்னை இடித்துக்கொண்டு உள்ளே வந்தால் அதே நொடியில் பின்னால் தள்ளி நிறுத்துவேன். நின்றதும் கையை எடுத்துவிடுவேன். விஷயம் முழுக்க அந்தக் கை எடுப்பதில்தான்.

கார்த்தி, உங்களுக்குச் செய்முறை. தலைக்கயிறு மட்டும் போதும். வெள்ளச்சியின் இடது தோளுக்குப் பக்கத்தில் நில்லுங்கள், நேர் முன்னாலும் நேர் பின்னாலும் வேண்டாம், அங்கெல்லாம் அவளுக்குக் கண் தெரியாது. கயிற்றை உங்கள் பக்கம் மெதுவாக இழுத்து அப்படியே பிடியுங்கள். சுண்டக் கூடாது. முதலில் கழுத்தை விறைப்பாள், தலையைத் தூக்குவாள். பிடித்தபடியே இருங்கள். மூக்கு ஒரு விரற்கடை உங்கள் பக்கம் திரும்பியதும் கயிற்றைத் தளர்த்திவிடுங்கள். அடுத்த நொடி அல்ல, அதே நொடி. தலை இறங்கும், நாக்கைச் சுழற்றி வாயை மெல்லுவாள், சில சமயம் பெருமூச்சு வரும். அப்போது அரை நிமிடம் சும்மா விடுங்கள். பத்துப் பதினைந்து தடவைக்குள் சுண்டுவிரல் பலத்துக்குத் திரும்புவாள். இதே பாடம்தான் பிறகு கடிவாளத்துக்கும். கயிற்றைக் கையில் மட்டும் சுற்றிக்கொள்ளாதீர்கள், இழுத்தால் விரல் போய்விடும். மடித்துப் பிடியுங்கள்.

வாய்க்கால்_வாசு:
வட்டப் பட்டிக்குள் விட்டுத் துரத்தினால் அரை மணியில் தானாகப் பின்னால் வரும் என்று வீடியோவில் பார்த்தேனே. அமெரிக்கக் குதிரைப் பயிற்சியாளர் மான்ட்டி ராபர்ட்ஸின் முறை. 1989-இல் எலிசபெத் ராணியே விண்ட்சருக்கு வரவழைத்துச் செய்துகாட்டச் சொன்னாராம்.

பரிமேலழகி:
அவர் குதிரையின் காது, வாய், தலை என்று ஒவ்வொன்றாகப் படித்துச் செய்வார். நம் ஆட்கள் வீடியோவில் துரத்துவதை மட்டும் கற்றுக்கொள்கிறார்கள். ஓட வழியில்லாத வட்டத்தில் நுரை தள்ளும்வரை ஓடவிட்டு, களைத்து நிற்பதை நட்பு என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. அதுவும் 9 வாரம் நின்ற காலுக்குச் சின்ன வட்டத்தில் ஓட்டம் கூடவே கூடாது.

நீலகிரி_மட்டம்:
நான் ஊட்டியில் சீசன் குதிரைகளோடு வளர்ந்தவன், அப்பாவுக்கு 4 மட்டக்குதிரை இருந்தது. கால் கட்டிப் பழக்கிய ஒன்றும் இருந்தது, வெளியில் வாங்கியது. யார் ஏறினாலும் சிலை மாதிரி நிற்கும், குழந்தைகளுக்கு அதையே கொடுப்போம். 3 வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு ஏப்ரல் மாதம் சுற்றுலாப் பேருந்து ஒன்று பின்னாலிருந்து ஏர் ஹாரன் அடித்தது. அது காதைக்கூட ஆட்டவில்லை, தலையைத் திருப்பவில்லை. நின்ற இடத்திலிருந்து ஒரே பாய்ச்சல். பிள்ளை சேணத்தைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தான், நான் கயிற்றோடு 20 அடி இழுபட்டேன். மற்ற 3 குதிரைகளும் ஹாரன் சத்தத்துக்கு ஒரு துள்ளுத் துள்ளிவிட்டு நின்றுவிட்டன.

பயந்தால் பயத்தைக் காட்டும் குதிரைதான் எனக்குப் பாதுகாப்பு. கால் கட்டி அடங்கியது உள்ளே வைத்துக்கொண்டே இருக்கும். கட்டி நிறுத்தியிருக்கும்போது முகத்தைப் பாருங்கள்: கண்ணில் வெள்ளை தெரியும், தாடை இறுகியிருக்கும், காதுக்குப் பின்னால் ஈரம்.

ஜட்கா_பேரன்:
ஒரு குதிரையை வைத்து முடிவு கட்ட முடியாது. எங்களுக்கு அது பிழைப்பு. காலையில் வண்டி பூட்டினால்தான் சாயங்காலம் அரிசி. விரற்கடை, பெருமூச்சு என்று பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. தாத்தா ஒன்றும் கொடுமைக்காரர் இல்லை. முள் கடிவாளம் ஒருநாளும் போட்டதில்லை, அதைச் சட்டமே 1965 விதிகளில் தடைசெய்தது. வேலை இல்லாத நாளில் கொள்ளைப் பாதியாகக் குறைப்பார். நாங்கள் ஏன் என்று கேட்டால், "நின்னு தின்னா தொடை கட்டைபோட்டுக்கும்" என்பார்.

பரிமேலழகி:
அண்ணே, தாத்தாவுக்கு ஒரு கும்பிடு! இந்தத் திரியில் இதுவரை வந்ததிலேயே முக்கியமான வரி அதுதான், நானே கேட்க மறந்துவிட்டேன். நின்ற குதிரைக்கு முழுத் தானியம் போட்டுவிட்டுத் திடீரென்று வேலை வாங்கினால் தொடையும் பின்புறமும் கட்டை மாதிரி இறுகிவிடும். வியர்த்துக் கொட்டும், அடி எடுத்து வைக்க முடியாது, சிறுநீர் காப்பி நிறத்தில் வரும். அப்போது நடக்க வைத்தால் இன்னும் கெடும். அந்த இடத்திலேயே நிறுத்தி மருத்துவரைக் கூப்பிட வேண்டும். கார்த்தி, 9 வாரமும் கொள்ளு எவ்வளவு போட்டீர்கள்?

ஆனால் அண்ணே, 2 வித்தியாசம் இருக்கிறது. தாத்தாவின் குதிரை தினமும் வேலை செய்தது, அது சும்மா நின்ற நாளே குறைவு. இன்னொன்று, ஜட்காவில் பெரும்பாலான பாரம் சக்கரத்தில். சவாரிக் குதிரைக்கு மொத்தப் பாரமும் முதுகில்.

செங்கை_கார்த்தி:
கொள்ளு குறைக்கவில்லை. பாவம் நிற்கிறதே என்று அரைக் கிலோ கூட்டித்தான் போட்டேன். இன்று பாதியாக்கப் போகிறேன்.

பரிமேலழகி:
பாதியாக்குங்கள், குறைத்த இடத்தைப் புல்லாலும் வைக்கோலாலும் நிரப்புங்கள், வயிறு காலியாக நிற்கக் கூடாது. தீவனம் திரும்பக் கூட்டும்போது 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக, இல்லாவிட்டால் வயிற்றுவலி. அப்புறம் ஒரு டேப் எடுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து புட்ட எலும்பு வரை நீளம், இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவு × சுற்றளவு × நீளம், வகுத்தல் 11,877. ஏறக்குறைய எடை கிலோவில் வரும். சேணத்தோடு உங்கள் எடை அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

செங்கை_கார்த்தி:
சுற்றளவு 165, நீளம் 150. கணக்குப் போட்டால் 344 கிலோ. ஐந்தில் ஒன்று 69. நான் 76, சேணம் 9. என் மனைவி பக்கத்தில் நின்று சிரிக்கிறாள்.

மெட்ராஸ்_மாமா:
வெள்ளச்சி ஏன் முதுகை வளைத்தாள் என்பதற்கு 16 கிலோவில் ஒரு விடை.

ஜட்கா_பேரன்:
அதெல்லாம் வெள்ளைக்காரன் கணக்கு. 90 கிலோ ஆட்கள் மட்டக்குதிரையில் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

நீலகிரி_மட்டம்:
நானும் பார்த்திருக்கிறேன் அண்ணே. அந்தக் குதிரைகளின் முதுகையும் பார்த்திருக்கிறேன்.

பரிமேலழகி:
26 நாளில் 20 கிலோமீட்டர் சவாரி ஆகாது, நேராகவே சொல்லிவிடுகிறேன். மூச்சும் சதையும் சில வாரத்தில் தேறிவிடும். தசைநாரும் எலும்பும் தேற மாதக்கணக்கு ஆகும். வெளியே பார்க்கத் தெம்பாகத் தெரியும், கடற்கரையில் ஆழமான பொடிமணலில் நாலுகால் பாய்ச்சல் விட்டால் நார் போய்விடும். முதல் 2 வாரம் நடை மட்டும், ஏறாமல், 20 நிமிடத்தில் ஆரம்பித்து 45 வரை. மூன்றாவது வாரம் இடையிடையே ஒரு நிமிட ட்ராட், அதாவது மெல்லோட்டம். கேன்டர், அதாவது அதைவிட வேகமான ஓட்டம், ஐந்தாவது வாரத்துக்கு முன் வேண்டாம். தாடை எலும்புக்கு அடியில் விரல் வைத்தால் நாடி கிடைக்கும். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44. வேலை முடிந்து 10 நிமிடம் கழித்தும் 64-க்கு மேலேயே நின்றால் அன்றைக்கு அதிகமாக வாங்கிவிட்டீர்கள். நெடுந்தூரப் போட்டிகளிலும் அந்த 64-க்குக் கீழ் இறங்கினால்தான் அடுத்த கட்டத்துக்கு விடுவார்கள்.

காணும் பொங்கல் கூட்டம், மேளம், ஸ்பீக்கர் வேறு. அதற்கும் இப்போதே பழக்குங்கள். போனில் மேளச் சத்தத்தைப் போட்டு ஒருவரைத் தூரத்தில் நிறுத்துங்கள். அவள் காதை அந்தப் பக்கம் திருப்பினாலும் புல் மேய்வதை நிறுத்தாத தூரம்தான் சரியான தூரம். மேய்வதை நிறுத்தினால் 10 அடி பின்னால் போங்கள்.

செங்கை_கார்த்தி (6 நாள் கழித்து):
கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். மேல் கடைவாயில் இரண்டு பக்கமும் கூர், இடது கன்னத்துக்குள் விரல் நீளத்துக்குப் புண். மயக்க ஊசி போட்டு ராவினார். டெட்டனஸ் ஊசியும் பாக்கி இருந்ததாம், அதுவும் போட்டாயிற்று. பின்னங்கால் குளம்பு இரண்டிலும் அழுகல், தினமும் கழுவிக் காயவைத்து மருந்து. புண் ஆறும்வரை கடிவாளம் கிடையாது, தலைக்கயிற்றில் நடை. இன்று நாலாவது நாள், 25 நிமிடம். தென்னை மட்டை விழுந்ததற்கு ஒரு துள்ளு, பிறகு என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

காணும் பொங்கலுக்கு நான் ஜீப்பில் தண்ணீர் வாளியோடு போகிறேன். கால் கட்டச் சொன்னவர் இன்னும் தினமும் போன் செய்கிறார்.

ஜட்கா_பேரன்:
வெள்ளச்சிக்குப் பல் புண் என்றால் அது வேறு கதை, ஒத்துக்கொள்கிறேன். கால் கட்டுவதில் என் கருத்து மாறவில்லை. திமிரும் இருக்கத்தான் செய்கிறது, எல்லாமே வலி என்று சொல்ல முடியாது.

அந்தப் பல் டாக்டர் நம்பரைத் தனிமடலில் அனுப்பு தம்பி. எனக்கில்லை, சித்தப்பா மகன் குதிரைக்கு. அதுவும் ஒரு மாதமாகத் தலையைத் தூக்குகிறது.