ஃபெர்டிலைசேஷன்: கருவுறுதலா, கருக்கட்டலா, உரமிடலா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

தாவரவியல் நூலொன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கலைச்சொல் அட்டவணை பதிப்பகத்துக்குப் போயாக வேண்டும். நான்காம் இயலில் ஃபெர்டிலைசேஷன் பூவுக்குள் நடக்கிறது. ஒன்பதாம் இயலில் வயலில் நடக்கிறது. அவர்கள் மென்பொருள் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல்லைத்தான் ஏற்கும். 'வளமாக்கல்' என்று இரண்டுக்கும் பொதுவாக வைத்துவிடலாமா?
— க.

——

வேண்டாம் தம்பி. முட்டையை யாரும் வளமாக்குவதில்லை. பூவுக்குக் கருவுறுதல், வயலுக்கு உரமிடல். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இரண்டும் பிள்ளைகள் வாயில் பழகிவிட்டன. மென்பொருளை மாற்றச் சொல்லுங்கள்.
— ப. (ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்)

——

ப. ஐயாவுக்கு வணக்கம். எங்கட பாடப்புத்தகங்களில் கருக்கட்டல். உரம் என்பது பசளை. நாங்கள் படித்ததால் மட்டும் சொல்லவில்லை. 'அவள் கருவுற்றாள்' என்றால் பிள்ளைத்தாச்சி என்றுதானே எல்லாரும் விளங்கிக்கொள்வினம்? ஆய்வுகூடத்தில் விந்தும் முட்டையும் கண்ணாடித் தட்டிலேயே கூடிவிடும். பிறகு அது கருப்பையில் பதியாமலும் போகலாம். அந்த மாதம் ஃபெர்டிலைசேஷன் நடந்தது, கர்ப்பம் நிற்கவில்லை. இதைக் கருவுறுதல் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எப்படி எழுதுவீர்கள்? முட்டை கருக்கட்டும், பெண் கருத்தரிப்பாள். பிரச்சினை முடிந்தது.
— ந. (யாழ்ப்பாணம்)

——

வேரைப் பாராமல் கிளையில் தொங்குகிறீர்கள். ஆங்கிலச் சொல் இலத்தீன் 'ஃபெர்ரே'யிலிருந்து வந்தது, சுமத்தல், தாங்குதல். ஃபெர், பர், பொறு! நம் 'பொறு'தான் கடல் கடந்து போய்த் திரும்பி வந்திருக்கிறது. நிலமும் பொறுக்கும், தாயும் பொறுப்பாள். ஆகவே 'பொறையாக்கம்'. இரண்டு இயலுக்கும் பொருந்தும். பொறை ஏற்கெனவே நிலத்துக்கும் பொறுமைக்கும் பொது என்பதை நினைவூட்டத் தேவையில்லை.
— ம.

——

ம. ஐயா, அந்த 'ஃபெர்'ருக்கு உடன்பிறப்பு வடமொழியின் 'பரதி' (சுமக்கிறான்). அதை விட்டுவிட்டுப் பொறுவை இழுத்தால் மொழியியலாளர் நம் குழுமத்தையே பொறுக்க மாட்டார்கள். 'பொறையாக்கம்' என்று போட்டால் அச்சுக்கோப்பவர் 'பொறியாக்கம்' என்று திருத்திவிடுவார்.
— ச.

——

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். 'எரு' என்றாவது வையுங்கள். 'ஏரினும் நன்றால் எருஇடுதல்' (1038) என்ற வள்ளுவரே காமத்துப்பாலில் 'ஊரவர் கௌவை எருவாக அன்னைசொல் நீராக நீளும்இந் நோய்' (1147) என்கிறார். வயலும் காதலும் ஒரே எருவில் வளர்ந்திருக்கின்றன. 'உரம்' என்றால் வலிமை. குறளின் 'உரனென்னும் தோட்டி' தெரியாதா? யூரியா மூட்டைக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது யார்?
— ம.

——

ஐயா, கௌவையை, அதாவது ஊர்ப்பேச்சை, எருவாக்கியது சரி, முட்டைக்கு எருவிட முடியுமா? எங்கள் பக்கம் எரு என்றால் தொழுவத்துக் குப்பை. மூட்டையில் வருவது உரம். உழவில் போடுவது அடியுரம், பிறகு போடுவது மேலுரம். கடையில் போய் "ரெண்டு மூட்டை எரு" என்று கேட்டால் மாட்டுக்காரரிடம் அனுப்புவார்கள்.

யாராவது 'சூல்கொள்ளல்' என்று ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். நெல் சூல் கட்டியிருக்கு என்றால் கதிர் இன்னும் தோகைக்குள் பொதியாக இருக்கிறது என்று அர்த்தம். அப்போது பூவே விரியவில்லை, மகரந்தம் எங்கே சேர்வது? நிறைசூல் கொண்ட மேகத்தைச் சங்கப் பாட்டு 'கமஞ்சூல் மாமழை' என்பது அழகுதான். என் வயலில் அது ஃபெர்டிலைசேஷன் ஆகாது.
— த. (திருவாரூர்)

——

த. சொன்னது எனக்குப் புதிது, நன்றி. ந.வின் கேள்விக்கு வருகிறேன். கருக்கட்டலில் எனக்கு ஒரு நெருடல். 1898இல் ரஷ்யத் தாவரவியலாளர் நவாஷின் லில்லியில் கண்டது இரட்டைச் சேர்க்கை. மகரந்தக் குழாய் கொண்டுவரும் இரண்டு ஆண் செல்களில் ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றது சூலின் நடுவில் இருக்கும் துருவ உட்கருக்களோடு சேர்ந்து கருவூண் ஆகிறது. அது கரு அல்ல, கருவுக்குச் சாப்பாடு. தேங்காயில் நாம் குடிக்கும் இளநீரும் வழுக்கையும் அதுதான். அங்கே கட்டியது எந்தக் கரு? 'இரட்டைக் கருவுறுதல்' என்ற எங்கள் சொல்லும் இதே இடத்தில் நொண்டுகிறது, ஒப்புக்கொள்கிறேன். வேடிக்கை என்னவென்றால், கருவூணைத் தோற்றுவிக்கும் அந்த இரண்டாவது சேர்க்கை கிட்டத்தட்ட உரமிடல். க. தேடும் பொதுச்சொல் ஒரே பூவுக்குள் ஒளிந்திருக்கிறது!
— ப.

——

கருவூண் நல்ல சொல், ஐயா. நாங்கள் வித்தகவிழையம் என்று நாக்கைச் சுளுக்கிக்கொள்கிறோம். அதை எடுத்துக்கொள்கிறேன். பதிலுக்குக் கருக்கட்டலை எடுத்துக்கொள்ளுங்கள்.
— ந.

——

எல்லாருக்கும் நன்றி. மணி பதினொன்று, நாளை வெள்ளி. மென்பொருளில் 'ஃபெர்டிலைசேஷன் 1', 'ஃபெர்டிலைசேஷன் 2' என்று பிரித்துப் பதிந்துவிட்டேன். பிழை காட்டிய சிவப்புக் கோடு போய்விட்டது. முன்னது கருவுறுதல், பின்னது உரமிடல். வாசகர்கள் தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்கள் என்பதுதான் காரணம். ஆய்வுக்கூடச் சோதனை வரும் ஒரு பத்தியில் மட்டும் கருக்கட்டல் என்று எழுதி அடிக்குறிப்பு கொடுத்திருக்கிறேன்.
— க.

——

அப்படியானால் கடலுக்கு என்ன செய்வீர்கள்? 2009இல் இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து 'லோகாஃபெக்ஸ்' என்ற பெயரில் அண்டார்டிகாவைச் சூழ்ந்த தென்கடலில் இரும்பு சல்பேட்டைக் கரைத்து, காற்றிலுள்ள கரியைக் கடலடிக்கு இறக்குமா என்று பாசியை வளர்த்துப் பார்த்தார்களே, அதுவும் ஃபெர்டிலைசேஷன்தான். அங்கே அடியுரம் எது, மேலுரம் எது? பெருகிய பாசியைச் சின்ன உயிர்கள் மேய்ந்துவிட்டன. கரி அடிக்குப் போனது கொஞ்சம்தான். 'பொறையாக்கம்' என்று வைத்திருந்தால் கடலும் அடங்கியிருக்கும்.
— ம.

——

அந்த இயல் என் நூலில் இல்லை, ஐயா.
— க.