குழந்தைகள் வார்டில் என்னைத் தொடவே விடுவதில்லை, எப்படித்தான் கற்றுக்கொள்வது?

மஞ்சள்_வென்ஃப்ளான் (பி.எஸ்சி. நர்சிங், 5ஆம் செமஸ்டர்) கேட்கிறார்:

சென்ற ஆண்டு முழுவதும் பெரியவர்கள் வார்டில் போஸ்டிங். மெடிக்கல், சர்ஜிக்கல் இரண்டிலும் கை பழகிவிட்டது. டிரிப் ஏற்ற நரம்பில் செருகும் ஊசிக்குழாயான வென்ஃப்ளானில் பச்சையை முதல் குத்திலேயே ஏற்றிவிடுவேன். வார்டு சிஸ்டரே கூப்பிட்டுப் போடச் சொல்வார். இந்த மாதம் குழந்தைகள் வார்டு. வந்து 11 நாள் ஆகிறது. குழந்தைகளுக்கான மெல்லிய மஞ்சள் வென்ஃப்ளானின் உறையைப் பிரித்துக் கொடுப்பதும், குழந்தையின் முழங்கையை அழுத்திப் பிடிப்பதும்தான் என் வேலை. "நகர்ந்து நில்" என்பதைத் தவிர இன்னொரு பாடம் கிடைக்கவில்லை.

எங்களுக்குக் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் மேடம் ஒருவர்தான். மாணவிகள் 18 பேர், வார்டு மூன்று. பத்தரை மணிக்கு வருவார், லாக் புக்கில் கையெழுத்துப் போடுவார், அடுத்த வார்டுக்குப் போய்விடுவார்.

நேற்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது மாதக் குழந்தை, 8 கிலோ, காய்ச்சல். கேஸ் ஷீட்டில் பாராசிட்டமால் 120 மில்லிகிராம். வார்டு சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம், ஆகவே 4.8 மில்லி. கணக்கு சரிதான். ஆனால் வார்டு பாட்டில் காலியாக இருந்தது. குழந்தையின் அம்மா, "இதுவும் அதே மருந்துதான் சிஸ்டர்" என்று வீட்டிலிருந்து கொண்டுவந்ததை நீட்டினார். பெயரும் அதேதான். 4.8 மில்லியைச் சிரிஞ்சில் எடுத்துக் குழந்தையின் உதடு வரை கொண்டுபோய்விட்டேன். வார்டு சிஸ்டர் பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். அது சிரப் இல்லை, சொட்டு மருந்து. ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். பாட்டில் அத்தனை சிறியதாக இருந்ததுகூட எனக்கு உறைக்கவில்லை. அதன் பிறகு வார்டு முழுவதும் கேட்கும்படி திட்டு விழுந்தது.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. மேடத்திடம் இதைச் சொல்லத்தான் வேண்டுமா? சொன்னால் மிச்சமுள்ள நாட்களில் பஞ்சு உருட்டக்கூட விடமாட்டார்களே?

---

ஓய்வுபெற்ற_சிஸ்டர் பதில்:

கத்துகிற சிஸ்டர்கள் கட்சியைச் சேர்ந்தவள் நான். பணியில் 31 ஆண்டு, அதில் பாதிக்கு மேல் குழந்தைகள் வார்டு. ஆகவே உன் மணிக்கட்டைப் பிடித்த அந்தக் கைக்கு முதலில் ஒரு கும்பிடு போட்டுவிடுகிறேன். 480 மில்லிகிராம், அம்மா! எழுதியதைப் போல நான்கு மடங்கு. பெரியவருக்கு 500க்குப் பதில் 650 மாத்திரை போய்விட்டால் யாரும் பதறமாட்டார்கள். எட்டுக் கிலோ உடம்பிடம் அந்தத் தாராளம் கிடையாது.

தொட விடுவதில்லை என்கிறாய். குத்துவதை மட்டும் வேலை என்று எண்ணிக்கொண்டிருக்கிறாய், கோளாறு அங்கேதான். அந்த வார்டில் யாரும் உன்னைத் தடுக்காத வேலைகளைச் சொல்கிறேன், கேள்.

மூச்சை எண்ணு. ஸ்டெத்தைக் கழுத்திலிருந்து எடுப்பதற்கு முன்பே, நாலடி தள்ளி நின்று, தாய்மடியில் இருக்கும் குழந்தையின் வயிற்றைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணு. பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குகிற பழக்கத்தைப் பெரியவர்கள் வார்டிலேயே விட்டுவிட்டு வா. இரண்டு மாதத்துக்குள் 60, அதிலிருந்து ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலே வேக மூச்சு. பிறகுதான் நாடி, கடைசியில் தெர்மாமீட்டர். வரிசையை மாற்றினால் குழந்தை வீறிடும். வீறிடும் குழந்தையின் மூச்சை எண்ணி எழுதுவது பொய்க்கணக்கு.

டிரிப்பைப் பார். நீ பழகிய செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. குழந்தைக்குப் போடும் மைக்ரோ செட்டில் 60. அதனால் மணிக்கு 32 மில்லி என்று எழுதியிருந்தால் நிமிடத்துக்கு 32 சொட்டு; காகிதமே வேண்டாம். பாட்டிலுக்குக் கீழே தொங்கும் அளவுக் குழாயான பியூரெட்டில் ஒரு மணி நேரத்துக்கு உரியதை மட்டும் இறக்கிவிட்டு மேல் கிளாம்பை மூடிவிடு. கீழே சொட்டைக் கட்டுப்படுத்தும் உருளை நழுவினாலும் அந்த 32 மில்லியோடு நின்றுவிடும். கண் அசந்தால் பாட்டில் முழுவதும் போய்விடும் என்ற பயத்துக்காகவே செய்த கண்ணாடிக் குழாய் அது. இப்போது பிளாஸ்டிக்.

ஊசி போட்ட கையின் கட்டைப் பார். பெரியவருக்கு ஊசி நரம்பைவிட்டு இடம் மாறினால் "எரிகிறது சிஸ்டர்" என்று கூப்பிடுவார். குழந்தை அழும், பசி, தூக்கம் என்று தாயே ஒரு காரணம் கண்டுபிடித்துத் தட்டிக்கொடுப்பாள். ஓர் இரவு மூன்று மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். கைக்கு அட்டை வைத்து விரல் நுனி வரை சுற்றியிருந்தது. பிரித்தால், விரல்கள் ஊறிய கொண்டைக்கடலை போல உப்பிப் பளபளத்தன. பிளாஸ்திரி தோலுக்குள் பதிந்திருந்தது. டிரிப் மட்டும் ஒன்றும் நடக்காதது போல அழகாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து விரல் நுனி தெரியாத கட்டை என் வார்டில் நான் விட்டதில்லை.

இவற்றைச் செய்கிற பெண்ணைச் சிஸ்டர் தானாகக் கூப்பிடுவார். எத்தனை நாளில் என்று கேட்காதே. நான் இருபது நாள் காக்க வைத்தவர்களும் உண்டு.

---

மூன்று_வார்டு_மேடம் பதில்:

உங்கள் மேடத்தின் இடத்தில் இருப்பவள் நான். ஊரும் கல்லூரியும் வேறு. பத்து மாணவிகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. பதினெட்டுப் பேரை மூன்று வார்டில் விட்டுவிட்டு மாடிப்படி ஏறி இறங்குவதற்கு மேற்பார்வை என்று பெயரில்லை. அதை எங்கள் நிர்வாகத்திடம் நானும் ஆண்டுதோறும் சொல்கிறேன், தலையை ஆட்டுகிறார்கள்.

ஆனால் தங்கை, சொல்லுங்கள். இன்றே சொல்லுங்கள். வேறு வாயிலாக என் காதுக்கு வந்தால்தான் எனக்குக் கோபம் வரும். எழுதியும் கொடுங்கள்: நேரம், எழுதியிருந்த அளவு, எடுத்த பாட்டில், எடுத்த அளவு, தடுத்தவர். உங்கள் அழுகை, சிஸ்டரின் திட்டு எதுவும் அதில் வேண்டாம். தரச்சான்று பெற்ற மருத்துவமனைகளில் நோயாளியை எட்டாமல் தப்பிய பிழைக்கும் படிவம் உண்டு. வீட்டு மருந்து வார்டுக்குள் இருந்ததும், வார்டு பாட்டில் காலியாக இருந்ததும் உங்கள் தவறில்லை. அவை வெளியே வருவதற்கு அந்தத் தாள்தான் வழி.

இன்னொன்று. மாணவி எடுத்த மருந்தை இன்னொருவர் பார்க்காமல் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. சிரிஞ்சையும் பாட்டிலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய் நீட்டுங்கள். சிரிஞ்சை மட்டும் காட்டினால் 4.8 சரியாகத்தான் தெரியும். நீங்கள் செய்யாத எதற்கும் லாக் புக்கில் கையெழுத்து வாங்காதீர்கள். எத்தனை அவசரத்தில் இருந்தாலும் எங்களைக் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள்.

மேலே எழுதிய மூத்த சிஸ்டரிடம் ஒரே ஒரு வழக்கு எனக்கு. கையைப் பிடித்தது சரி. தாயின் முன்னால் கத்தியது சரியில்லை. அந்த அம்மா இனி யார் மருந்து கொண்டுவந்தாலும் நடுங்குவார்.

---

ஓய்வுபெற்ற_சிஸ்டர் பதில்:

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கை நீளும்போது வாயும் தானாகத் திறந்துவிடுகிறது மேடம். இந்த வயதில் இனி எங்கே மூடுவது!

---

இரண்டு_பிள்ளைகளின்_அம்மா பதில்:

நான் நர்ஸ் இல்லை. என் மகனுக்கு நரம்பு கிடைக்காமல் நான்கு முறை குத்தினார்கள். மூன்றாவது முறை ஒரு மாணவி. எனக்கு வந்த ஆத்திரம் அவள் குத்தியதற்காக இல்லை. யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். கதவுக்கு வெளியே நின்று கேட்பது உள்ளே நின்று பார்ப்பதைவிடக் கொடுமை. மறுநாள் அதே பெண் வந்து, அவன் பெயரைக் கேட்டு, என் மடியில் இருக்கும்போதே கட்டைப் பார்த்துவிட்டுப் போனாள். அவளை அதன் பிறகு நானே தேடினேன்.

---

மஞ்சள்_வென்ஃப்ளான் (கேட்டவர்) பதில்:

எல்லாருக்கும் நன்றி. மேடத்திடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு, "அந்தப் பாட்டிலைக் கொண்டுவா" என்றார். மூன்று வார்டு மாணவிகளையும் கூப்பிட்டுச் சிரப்பையும் சொட்டு மருந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 120 மில்லிகிராமுக்கு எவ்வளவு என்று ஒவ்வொருவரையும் எழுதச் சொன்னார். ஆறு பேர் லேபிளைப் பார்க்காமலே எழுதினார்கள்.

இன்னொரு சேதி. இன்று காலை வயிற்றுப்போக்கோடு இருக்கும் ஒரு குழந்தையை, வேறு வேலை இல்லாததால், எடை பார்த்தேன். நேற்று மாலை கேஸ் ஷீட்டில் 8.2 கிலோ. இன்று 7.8. தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, துணியெல்லாம் கழற்றி இன்னொருமுறை வைத்தேன், 7.8தான். சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் எழுந்து வந்து குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். அது மெதுவாகத்தான் படிந்தது, உடம்பில் நீர் வற்றியதன் அடையாளம். "டாக்டரைக் கூப்பிடு. எடையை நீயே சொல்" என்றார்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, பியூரெட்டை நிரப்பச் சொல்லிச் சிஸ்டர் என்னிடம் கொடுத்தார். பக்கத்திலேயே நின்றார். திட்டவில்லை. கிளாம்பை மூட மறந்தபோது மட்டும் தொண்டையைக் கனைத்தார்.