ஃபோக்ஸ்வேகன்: ஹிட்லர் காலத்தில் பிறந்த கம்பெனிக்கு இந்த நல்ல பெயர் எப்படி வந்தது?

பீளமேடு சரவணன்:

எல்லாருக்கும் வணக்கம். 2013 மாடல் ஃபோக்ஸ்வேகன் வென்டோ டீசல் கார் ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. எங்க அப்பா லேத் பட்டறை வெச்சிருந்தவர். "ஜெர்மன் வண்டியா, யோசிக்காம வாங்கு"ங்கறார். கூட வேலை பார்க்கிற நண்பர், "அது ஹிட்லர் ஆரம்பிச்ச கம்பெனி, புகை டெஸ்ட்டுல ஊரையே ஏமாத்தினவங்க, பக்கமே போகாத"ங்கறார். வண்டி வாங்கறது ஒரு பக்கம் இருக்கட்டும். ரெண்டு பேர் சொல்றதும் உண்மைன்னா, நடுவுல அந்த நல்ல பேரு எங்கிருந்து வந்துச்சு? ஜெர்மனியில இருக்கிறவங்க சிலர் இங்க எழுதறீங்க. கொஞ்சம் விவரமாச் சொல்லுங்களேன்.

பிரவுன்ஷ்வைக் மாறன்:

சரவணன், ஃபோக்ஸ்வேகன் தொழிற்சாலை இருக்கும் வொல்ஃப்ஸ்பர்க்கிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி பிரவுன்ஷ்வைக்கில் இருக்கிறேன். ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் டூல் அண்ட் டை வேலை, அதாவது தகட்டை அழுத்தி வடிவமாக்கும் அச்சுகள் செய்வது. இந்தப் பக்கத்தில் யார் வீட்டிலாவது ஒருத்தராவது அந்தத் தொழிற்சாலைச் சம்பளம் வாங்கியிருப்பார். அதனால் நல்லதையும் கெட்டதையும் சேர்த்தேதான் பேசுவார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

உங்கள் நண்பர் சொன்னதில் தொடங்குவோம். கம்பெனி 1937 மே மாதம் பதிவானது. பணம் போட்டது நாஜிகளின் தொழிலாளர் முன்னணி. நாட்டில் இருந்த தொழிற்சங்கங்களை எல்லாம் ஒழித்துவிட்டு, அவற்றின் சொத்தைப் பிடுங்கி உருவான அமைப்பு அது. 1938 மே 26 அன்று ஹிட்லரே வந்து அடிக்கல் நாட்டினார். கார் விலை 990 மார்க் என்றார்கள். வாரம் குறைந்தது 5 மார்க்குக்கு முத்திரை வாங்கி அட்டையில் ஒட்ட வேண்டும், அட்டை நிறைந்தால் கார். ஏறக்குறைய 3,36,000 பேர் கட்டினார்கள். அவர்களில் ஒருவருக்கும் கார் கிடைக்கவில்லை. 1939இல் போர் தொடங்கியதும் தொழிற்சாலை ராணுவ வண்டிக்குப் போய்விட்டது. பணம் கட்டியவர்கள் போருக்குப் பின் வழக்குப் போட்டு வருடக்கணக்கில் அலைந்தார்கள். 1961இல்தான் சமரசம்: புது வண்டி வாங்கினால் 600 மார்க் வரை தள்ளுபடி, இல்லையென்றால் கையில் 100 மார்க்.

இது பணக்கணக்கு. இதைவிடப் பெரியது ஆள் கணக்கு. போர்க்காலத்தில் அங்கே சுமார் 20,000 பேர் கட்டாயத்தின் பேரில் வேலை செய்தார்கள். போலந்துக்காரர்கள், சோவியத் கைதிகள், இத்தாலிய ராணுவ வீரர்கள், வதைமுகாம்களிலிருந்து கொண்டுவரப்பட்ட யூதப் பெண்கள். 1944இல் தொழிற்சாலையில் இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு இப்படி வந்தவர்கள்தான். கட்டாயத் தொழிலாளிகளாக இருந்த பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து ஒரு விடுதியில் வைத்தார்கள். பிறகு அதைப் பக்கத்தில் ரூஹென் என்ற ஊருக்கு மாற்றினார்கள். 350க்கும் மேற்பட்ட சிசுக்கள் அங்கே செத்தன. கவனிப்பில்லாமல், அழுக்கில், தொற்றில். பொறுப்பில் இருந்த கம்பெனி மருத்துவர் ஹான்ஸ் கோர்பலைப் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் விசாரித்துத் தூக்கிலிட்டது. மற்றவர்களில் பெரும்பாலோர் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

தொழிற்சாலைக்குள்ளேயே, குண்டுவீச்சுக்குப் பயந்து ஒளிந்த பழைய பதுங்கறை ஒன்றில் 1999 முதல் நினைவிடம் இருக்கிறது. முன்பதிவு செய்தால் பார்க்கலாம். நான் போயிருக்கிறேன். கூரை தாழ்ந்த கான்கிரீட் அறைகள், மேலே இன்றைய தொழிற்சாலை ஓடிக்கொண்டிருக்கிறது. சுவரில் இருக்கும் படங்களில் வேலைக்கு வந்த பிள்ளைகளின் வயதைக் கவனித்துப் பாருங்கள். எனக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

கம்பெனி தானாக முன்வந்து இதையெல்லாம் சொல்லிவிடவில்லை. நாற்பது வருடம் வாய் திறக்கவில்லை. 1986இல்தான் ஹான்ஸ் மம்சன் என்ற வரலாற்றாசிரியரிடம் ஆய்வை ஒப்படைத்தார்கள். அது அச்சில் வர 1996 ஆனது. 1998இல் உயிரோடு இருந்தவர்களுக்காக 2 கோடி மார்க் ஒதுக்கினார்கள். அந்த வயதில் எத்தனை பேர் மிச்சம் இருந்திருப்பார்கள்?

இனி உங்கள் அப்பா சொல்லும் நல்ல பெயர். அதற்கு முதல் காரணம் ஒரு ஆங்கிலேயர் என்றால் நம்புவீர்களா! மேஜர் ஐவன் ஹர்ஸ்ட், பிரிட்டிஷ் ராணுவத்தின் பழுதுபார்க்கும் பிரிவைச் சேர்ந்தவர். 1945 ஆகஸ்டில் அங்கே வந்தபோது கட்டடங்கள் குண்டுபட்டுக் கிடந்தன. போருக்கு முன் விற்பதாகச் சொன்ன அந்தக் கார், பின்னால் பீட்டில் என்று பேர் வாங்கியது, அதில் ஒன்று அவர் கண்ணில் பட்டது. அதற்கு ராணுவப் பச்சை அடித்துத் தலைமையகத்தில் காட்டினார். 20,000 வண்டிக்கு ஆர்டர் வந்தது. எஃகு இல்லை, நிலக்கரி இல்லை, தொழிலாளிக்குச் சாப்பாடே இல்லை. கார் கொடுத்து எஃகு வாங்கினார்கள். 1946இல் மாதம் சுமார் ஆயிரம் வண்டி வந்தது. தரத்தைக் கண்டிப்பாகப் பார்க்க ஆரம்பித்தவரும், விற்ற வண்டிக்குச் சர்வீஸ் வேண்டும் என்று ஏற்பாடு செய்தவரும் ஹர்ஸ்ட்தான். பிரிட்டிஷ் கார் முதலாளிகள் யாருக்கும் அந்தத் தொழிற்சாலை வேண்டாம் என்றாகிவிட்டது. 1949இல் ஜெர்மானியர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள்.

1948 ஜனவரியில் ஹைன்ரிஷ் நோர்டோஃப் பொறுப்பேற்றார். ஓப்பல் கம்பெனியின் லாரித் தொழிற்சாலையை நடத்தியவர். அவர் பிடித்துக்கொண்டது ரொம்பச் சாதாரணமான ஒரு விஷயம். உதிரிபாகமும் பழக்கிய மெக்கானிக்கும் இல்லாத ஊரில் வண்டி விற்கக் கூடாது. அமெரிக்காவில் மற்ற ஐரோப்பிய வண்டிகள் ஒரு வால்வுக்காக மாதக்கணக்கில் ஷெட்டில் கிடந்த காலத்தில், பீட்டில் டீலரிடம் சாமான் கையிருப்பில் இருந்தது. வடிவத்தை மாற்றாமல் உள்ளே மட்டும் வருடா வருடம் திருத்திக்கொண்டே போனார்கள். 1953இல் பின்கண்ணாடியின் நடுச் சட்டத்தை எடுத்தது வெளியே தெரிந்த ஒரு மாற்றம். வெளியே தெரியாமல் மாறியது எவ்வளவோ. இன்ஜின் பின்னால், காற்றிலேயே குளிரும், ரேடியேட்டர் கிடையாது. பனிநாட்டில் உறையத் தண்ணீர் இல்லை, பாலைவனத்தில் கொதிக்கத் தண்ணீர் இல்லை. இழுத்துக் கட்டிய நாலு போல்ட்டைக் கழற்றினால் இன்ஜின் கையோடு இறங்கிவிடும்.

1955 ஆகஸ்டில் பத்து லட்சமாவது வண்டி. 1972 பிப்ரவரியில், அதுவரை அதிகம் தயாரான ஃபோர்டு மாடல் டி காரின் எண்ணிக்கையைத் தாண்டியது. 2003 ஜூலையில் மெக்சிகோவின் புவெப்லாவில் கடைசி பீட்டில் இறங்கியபோது மொத்தம் 2,15,29,464. அமெரிக்காவில் 1959 முதல் அதற்கு விளம்பரம் எழுதிய நியூயார்க் நிறுவனத்தை நடத்தியவர்களில் பில் பெர்ன்பாக் ஒரு யூதர். ஹிட்லர் அடிக்கல் நாட்டிய தொழிற்சாலையின் காரை அவர்கள் விற்றுக் கொடுத்தார்கள். அதில் ஒரு விளம்பரம், கையுறைப் பெட்டியின் குரோம் பட்டையில் கீறல் இருந்ததால் நிராகரித்த வண்டியைப் படம் போட்டு, வொல்ஃப்ஸ்பர்க்கில் 3,389 சோதனையாளர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னது. டூல் ரூமில் நிற்கிற எனக்கு அதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது, உண்மையாகச் சொல்கிறேன். உங்கள் அப்பா லேத்தில் நின்றவர், அவருக்குப் புரியும்.

நோர்டோஃபின் குறையும் அதே இடத்தில்தான். பீட்டிலை விட்டு நகரவே மாட்டேன் என்றார். 1968இல் இறந்தார், 1974இல் கம்பெனிக்கு 80 கோடி மார்க்குக்கு மேல் நஷ்டம். அதே வருடம் வந்த கோல்ஃப் என்ற புது மாடல்தான் தூக்கி நிறுத்தியது. முன்னால் இன்ஜின், தண்ணீர்க் குளிர்விப்பு, இத்தாலியரான ஜியூஜாரோவின் வடிவமைப்பு. அந்தத் தொழில்நுட்பத்தில் பாதி, 60களில் வாங்கிய ஆட்டோ யூனியன், அதாவது ஔடி கொண்டுவந்தது. அங்கே லுட்விக் கிரவுஸ் என்ற பொறியாளர் தலைமையிடத்துக்குத் தெரியாமலே ஔடி 100 வண்டியை உருவாக்கினார். அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இன்ஜெக்டர் குமார்:

மாறன் அண்ணே, அருமைங்க. புகை விவகாரத்தை நான் சொல்லிடறேன், டீசல் பம்ப் எங்க தொழில்ங்க.

தம்பி சரவணா, அந்தக் கம்பெனி இஏ189னு ஒரு இன்ஜின் போட்டுச்சு. அமெரிக்காவுல புகையில வர்ற நைட்ரஜன் ஆக்சைடுக்கு வரம்பு ஒரு மைலுக்கு 0.07 கிராம்தான். கிலோமீட்டருக்கு மாத்துனா 0.043. ஐரோப்பாவுல அப்போ யூரோ 5ங்கற புகை விதியில 0.18. நாலுல ஒரு பங்குக்குக் கீழ கொண்டு வரணும். அதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, புகைக்குழாயில ஒரு பொறி வெச்சு ஆக்சைடைப் பிடிச்சு, அடிக்கடி கூடுதல் டீசல் விட்டு அதைச் சுத்தம் பண்றது. இன்னொண்ணு புகையில யூரியா கரைசலைத் தெளிக்கிறது. முதல்ல மைலேஜ் குறையும், ஃபில்டர் தேயும். ரெண்டாவதுல யூரியா சீக்கிரம் தீரும், ஆள் அடிக்கடி சர்வீஸுக்கு வரணும். ரெண்டையும் வாடிக்கையாளர்கிட்ட சொல்ல மனசில்ல.

அதனால இசிஎம்குள்ள, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டருக்குள்ள, ரெண்டு கணக்கு எழுதிட்டாங்க. சோதனைக்கூடத்துல வண்டி ரோலர் மேல ஓடும், ஸ்டியரிங் திரும்பாது, வேகம் நேரக்கணக்குப்படி ஏறி இறங்கும். ஸ்டியரிங் நிலை, வேகம், ஓடின நேரம், காத்தழுத்தம் இதெல்லாம் பாத்து "இது டெஸ்ட்"னு சாஃப்ட்வேர் கண்டுபிடிச்சு, சுத்தமான கணக்குல ஓட்டும். ரோட்டுக்கு வந்தா மத்த கணக்கு.

பிடிச்சது மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்துல ஒரு சின்னக் குழு. டேன் கார்டர் தலைமை. அதுல அரவிந்த் திருவேங்கடம் நம்ம சென்னையில படிச்சுப் போனவர்ங்க. ஃபோக்ஸ்வேகனோட ஜெட்டா, பசாட், கூட ஒரு பிஎம்டபிள்யூ எக்ஸ்5, மூணுலயும் அளவுக்கருவியைப் பின்னாடி ஏத்தி ரோட்டுல ஓட்டினாங்க. பசாட்டை லாஸ் ஏஞ்சலிஸ்ல இருந்து சியாட்டில் வரைக்கும் கொண்டு போனாங்க. ஜெட்டா வரம்பைப் போல 15 முதல் 35 மடங்கு, பசாட் 5 முதல் 20 மடங்கு. பிஎம்டபிள்யூ பெரும்பாலும் வரம்புக்குள்ள. அப்போ டீசலால முடியாததில்ல, இவங்கதான் செய்யலன்னு தெரிஞ்சு போச்சு. எனக்கு ஆத்தாமை அங்கதாங்க.

2014ல அறிக்கை வந்தும் ஒரு வருஷத்துக்கு மேல சால்ஜாப்பு. சாஃப்ட்வேர் திருத்தம்னு வண்டிங்களைத் திரும்பக் கூப்பிட்டு ஒரு ரீகால் கூட நடத்தினாங்க, கலிஃபோர்னியா அதிகாரிங்க திரும்ப அளந்து பாத்தா புகை அடங்கல. 2016 மாடலுக்கு அனுமதி கிடையாதுன்னு இறுக்கினப்பதான் ஒத்துக்கிட்டாங்க. 2015 செப்டம்பர் 18 வெளிய வந்துச்சு. உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் வண்டி.

பீளமேடு சரவணன்:

குமார் அண்ணா, மாறன் அண்ணா, ரொம்ப நன்றி. அப்பாவுக்கு முழுசாப் படிச்சுக் காட்டினேன். அந்தக் குழந்தைங்க விஷயத்துல நிறுத்தச் சொல்லிட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு, "நாலு போல்ட்டா?"ன்னு கேட்டார். மாறன் அண்ணா, 2015ல அந்த ஊர்ல எப்படி இருந்துச்சு? யாருக்காவது தண்டனை கிடைச்சுதா?

பிரவுன்ஷ்வைக் மாறன்:

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஆமாம், நாலு போல்ட்தான்.

செய்தி வந்த ஐந்தாம் நாள் தலைவர் மார்ட்டின் வின்டர்கோர்ன் விலகினார். பங்கு விலை முதல் இரண்டு வணிக நாளிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. வொல்ஃப்ஸ்பர்க் நகராட்சி கம்பெனி கட்டும் தொழில்வரியை நம்பி ஓடுவது. புதுச் செலவுகளை அப்படியே நிறுத்தி வைத்தார்கள். ரயிலில் வேலைக்குப் போகிற சீருடைக்காரர்கள் அந்த வாரங்களில் பேசிக்கொள்ளவே இல்லை. லைனில் கதவு மாட்டுகிறவருக்கும் அந்த சாஃப்ட்வேருக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் மார்பில் அதே சின்னம்.

அமெரிக்காவில் 2017இல் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 280 கோடி டாலர் குற்ற அபராதம் கட்டியது. அதற்கு முந்தைய வருடம் வண்டி உரிமையாளர்களுக்கும் மற்றவற்றுக்கும் 1,470 கோடி டாலர் வரைக்கும் ஒப்பந்தம். ஜேம்ஸ் லியாங் என்ற பொறியாளருக்கு 40 மாதம், ஆலிவர் ஷ்மிட் என்ற மேலாளருக்கு 7 வருடம் சிறை. இங்கே ஜெர்மனியில் ஔடியின் பழைய தலைவர் ரூப்பர்ட் ஸ்டாட்லர் 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. மேலே இருந்தவர்களும் கீழே இருந்தவர்களும் ஒரே மாதிரி நடத்தப்படவில்லை என்பது என் கருத்து.

என் ஆத்திரம் வேறு ஒரு இடத்தில். நோர்டோஃப் காலத்தில் அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தது சர்வீஸ். வண்டிக்கு என்ன தேவையோ அதை வாடிக்கையாளரிடம் சொல்லி, செய்து கொடுப்பது. குமார் சொன்னதைத் திரும்பப் படியுங்கள். யூரியா ஊற்ற அடிக்கடி வாருங்கள் என்று சொல்லத் தயங்கியதால் பொய்க் கணக்கு எழுதினார்கள். எந்த வேலையில் பெயர் எடுத்தார்களோ, அதே வேலையைத் தட்டிக்கழிக்கப் போய்த்தான் பெயரைக் கெடுத்துக்கொண்டார்கள். 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு பேசி, 2030க்குள் ஜெர்மனியில் 35,000 வேலைகளைக் குறைப்பதாக முடிவு. அதற்குக் காரணம் மின்வண்டி, சீனச் சந்தை என்று பல. சுமக்கப்போவது அந்த ரயிலில் போகிறவர்கள்.

இன்னொன்று, வாய்ப்புக் கிடைத்தால் ஃபோக்ஸ்வேகன் சமையற்கூடத்தில் செய்யும் சாசேஜைக் கேளுங்கள். அதற்கு உதிரிபாக எண் உண்டு, 199 398 500 ஏ. விளையாட்டாக வைத்ததல்ல, ஸ்டோர்ஸ் பட்டியலில் வால்வு, கேஸ்கெட்டோடு அதுவும் பதிவாகியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் எண் கொடுத்துக் கையிருப்பில் வைக்கும் அந்தப் பழக்கத்தை நான் இன்றும் மதிக்கிறேன்.

இன்ஜெக்டர் குமார்:

தம்பி, வண்டி விஷயம். 2015 டிசம்பர்ல இந்தியாவுலயும் ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, ஔடி மூணு பிராண்டும் சேத்து 3,23,700 வண்டிக்கு ரீகால் அறிவிச்சாங்க, இஏ189 போட்ட வண்டிங்கதான். நீ பாக்கிற வென்டோ அதுல வருமான்னு சேசிஸ் நம்பரை வெச்சு அங்கீகார சர்வீஸ்ல கேளு, திருத்தம் போட்டிருந்தா அவங்க பதிவுல இருக்கும். அதுக்கப்புறம் புகையில ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள்ள விடற இஜிஆர் வால்வைக் கழட்டிக் கரி எவ்வளவு படிஞ்சிருக்குன்னு பாக்கச் சொல்லு, டைமிங் பெல்ட் எப்ப மாத்தினதுன்னு பில்லோட கேளு. பில் இல்லைன்னா மாத்தலைன்னு வெச்சுக்கிட்டு விலை பேசு. வாங்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் பட்டறைக்குக் கொண்டு வா, அப்பாவையும் கூட்டிட்டு வா.