கலிலியோ இடங்காட்டி: குடிமக்கள் திட்டத்தில் படைகளுக்கு என்ன இடம்?

செம்பருதி:
ஐரோப்பிய விண்வெளி முகமையை நிறுவிய 1975 ஒப்பந்தம், அதன் பணி முழுக்க அமைதி நோக்கங்களுக்கே உரியது என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்காக அம்முகமை உருவாக்கிய செயற்கைக்கோள் இடங்காட்டி அமைப்பான கலிலியோவோ, எவரும் இலவசமாகப் பெறும் சமிக்ஞையோடு நில்லாமல், அரசுகள் அனுமதித்தவர்களுக்கு மட்டும் மறையாக்கம் செய்த தனிச் சமிக்ஞை ஒன்றையும் அனுப்புகிறது. குடிமக்கள் பெயரில் கட்டிய வீட்டில் படைகளுக்குப் பின்வாசல் வைத்திருக்கிறார்கள்.

நிலவன்:
பின்வாசல் என்பதை ஏற்க இயலாது. அச்சேவையின் விதிகள் 2011-இலேயே ஐரோப்பிய ஒன்றியத்தின் முடிவாக வெளியிடப்பட்டவை. தன் நாட்டில் காவல்துறையா, தீயணைப்புத் துறையா, படையா, யார் அதைப் பயன்படுத்தலாம் என்பதை ஒவ்வொரு உறுப்பு நாடும் தீர்மானிக்கிறது. மேலும், பாதுகாப்புக் கேள்வி கலிலியோவுக்குள் பிற்பாடு நுழைந்ததன்று. 2000 மே மாதம் வரை அமெரிக்கா, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையின் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தது; பிறர் படைக் கருவியை நம்பி விமானமும் வங்கியும் இயங்கலாமா என்ற கவலைதான் ஐரோப்பாவைத் தனி அமைப்புக்குத் தூண்டியது. 2001 டிசம்பரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துணை அமைச்சர் பால் வோல்ஃபோவிட்ஸ், ஐரோப்பியப் பாதுகாப்பு அமைச்சர்களுக்குக் கவலை தெரிவித்துக் கடிதம் எழுதினார். அமெரிக்கப் படைச் சமிக்ஞையின் மேல் படியாதபடி அலைவரிசைகளை அமைக்க 2004 உடன்பாட்டில் ஐரோப்பா இசைந்தது. குடிமக்கள் கட்டுப்பாட்டில் இருந்ததால் மட்டும் அந்தப் பேரத்திலிருந்து தப்ப முடியவில்லை.

செம்பருதி:
வரலாற்றை மறுக்கவில்லை. ஆனால் பிரிட்டனைப் பாருங்கள். 34 செயற்கைக்கோள்களுக்கான வழிகாட்டிக் கருவித் தொகுதிகளைச் செய்து கொடுத்தது ஒரு பிரிட்டன் நிறுவனம். ஒன்றியத்தை விட்டு விலக முடிவு செய்ததும், மறையாக்கப் பகுதியின் கதவு அந்நாட்டுக்கு அடைபட்டது. 2018 நவம்பரில் பிரதமர் தெரசா மே, பாதுகாப்புத் தேவைகளுக்குக் கலிலியோவைப் பயன்படுத்தப் போவதில்லை என்று அறிவித்தார். அறிவியல் கூட்டாளி ஒரே இரவில் அயலாராவது படைச் சேவை கலந்ததன் விளைவுதானே?

நிலவன்:
அந்த விதி எழுதப்பட்டபோது பிரிட்டனும் மேசையில் இருந்தது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எனினும் உங்கள் கருத்தில் நியாயம் உண்டு: இரகசியம் பங்கிடும் கூட்டணியில் விலகுவோருக்கு இழப்பு கூடுதல்.

கயல்:
இருவரும் சாதாரணப் பயணியை மறந்துவிட்டீர்கள். ஜிபிஎஸ் இடையூறு காரணமாக, 2024 ஏப்ரல் இறுதியில் ஃபின்ஏர் நிறுவனம் எஸ்டோனியாவின் டார்ட்டு நகருக்கான விமானங்களை ஒரு மாதம் நிறுத்தி வைத்தது. பாதிக்கப்பட்டவர்கள் படைவீரர்கள் அல்லர்.

செம்பருதி:
அப்படியானால் திறந்த சமிக்ஞையையே வலுப்படுத்தலாம். அது உண்மையில் கலிலியோவிலிருந்துதான் வருகிறது என்று மெய்ப்பிக்கும் மின்முத்திரையை இப்போது எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறார்களே. பாதுகாப்புக்கான பணம் அவ்வழியில் போகட்டும்.

நிலவன்:
அம்முத்திரை போலிச் சமிக்ஞையைக் காட்டிக்கொடுக்கும். இரைச்சலைப் பரப்பிச் சமிக்ஞையை மூழ்கடிப்பதைத் தடுக்காது. டார்ட்டுவுக்கு மறுபடியும் விமானம் போனது, செயற்கைக்கோளை நம்பாத தரையிறங்கு முறையை அங்கு ஏற்படுத்திய பிறகுதான்.