எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம் கலந்த சண்டை) பசங்களை அமெச்சூர் பாக்ஸிங்கில் இறக்குகிறோம், ஆலோசனை வேண்டும்

பாக்ஸிங் கோச்சாக இருக்கும் அண்ணன்மார், அக்காமார் யாராவது வழி சொல்லுங்கள். பசங்களிடம் மூச்சுக்கும் வேகத்துக்கும் குறையில்லை. பழக்கம்தான் காலை வாருகிறது.

டேக்டவுனை, அதாவது எதிராளி தரையில் சாய்ப்பதைத் தடுத்தே பழகியதால் கால் அகலமாக, கை தாழ்வாக நிற்கிறது. ஜாப் (முன்கையால் விடும் நேர்க்குத்து) நீளமாகப் போவதே இல்லை. 4 அவுன்ஸ் கிளவுஸில் பழகிய கை, 10 அவுன்ஸில் மூன்றாவது ரவுண்டில் தொங்கிவிடுகிறது. இதைவிடப் பெரிய தலைவலி, ஓவர்ஹேண்ட் (மேலிருந்து வளைத்து இறக்கும் குத்து) வீசும்போது தலை பெல்ட்டுக்குக் கீழே போவதும், நெருங்கினால் கை தானாக எதிராளியின் கழுத்தைப் பிடிப்பதும். இரண்டுமே ஃபவுல். வார்னிங் வந்தால் ஒரு புள்ளி போகும், மூன்றாவது வார்னிங்கில் ஆளே வெளியே. மூன்றே ரவுண்டு ஆட்டத்தில், 10-9 என்று ஜெயித்த ரவுண்டை ஒரு வார்னிங் அப்படியே விழுங்கிவிடும்.

தோள் உயரத்தில் கயிறு கட்டி, முழங்காலை மடக்கி அடியில் புகுந்து எழ வைக்கிறோம். கயிற்றில் சரியாக வருகிறது, ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) மறுபடி இடுப்பு வளைகிறது.

பிடிக்கிற கையை அடக்க உங்களுக்குப் பலித்த டிரில் எது? போட்டிக்கு எத்தனை வாரம் முன்னால் கிராப்ளிங்கை (பிடித்து மல்லுக்கட்டும் பயிற்சியை) முழுசாக நிறுத்தச் சொல்வீர்கள்?